இன்று முதல் எங்கள் மகள் அல்ல

மெய்க்டிலா
9 பிப்ரவரி 2021

மகள் நீலாருக்கு,

நீ வேலைக்குப் போவதில்லை என்று நீயாக எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு டோ கின் ஓன் சொல்லித்தான் தெரிந்தது. மண்டலேயில் மருத்துவமனை வாசலில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் என்று சிவப்பு நாடா கட்டிக்கொண்டு நின்ற படம் யாருடைய கைப்பேசியிலோ வந்ததாம். "அண்ணே, நம்ம நீலார் மாதிரியே ஒரு பொண்ணு நிக்குது" என்றாள். முகக்கவசம் போட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நீ நிற்கும் விதம் எனக்குத் தெரியாதா?

தேர்தலில் ஜெயித்த தலைவரைப் பிடித்து அடைத்துவிட்டு ராணுவம் ஆட்சிக்கு வந்ததில் உனக்குக் கோபம் இருக்கும். உன் வயதில் இருக்கத்தான் செய்யும். வாக்காளர் பட்டியலில் குளறுபடி என்று மேலிடம் சொல்கிறது. உண்மையா என்று எனக்குத் தெரியாது. ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, சார்ஜெண்டாக ஓய்வு பெற்றவன் நான். மேலிடம் சொல்வதைச் சரிபார்ப்பது ஒருநாளும் என் வேலையாக இருந்ததில்லை. உன் வேலை நோயாளியைப் பார்ப்பது. யார் ஆண்டாலும் ஜுரம் ஜுரம்தான்.

ஊருக்குள் தினமும் இரவு எட்டு மணிக்கு எதிர்ப்பைக் காட்டப் பாத்திரம் தட்டுகிறார்கள், வீட்டில் புகுந்த கெட்ட ஆவியை விரட்டுவதுபோல. நம் ராணுவக் குடியிருப்பில் அந்த நேரத்தில் ஒரு சத்தமும் கிடையாது. நேற்று அம்மா சட்டி மூடியைத் தவறவிட்டாள். எதிர்வரிசையில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. நான் வாசலுக்கு ஓடி, "கை தவறிடுச்சு, கை தவறிடுச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இன்று அவள் ஏழு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டாள்.

அவளுக்கு ராணுவ மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. நான் போட்டிருந்த உடுப்பு கொடுத்தது அது. உன் படிப்பும் அந்த உடுப்பு கொடுத்ததுதான். இதை நினைத்துப் பார்த்து வேலைக்குத் திரும்பு.

கைப்பேசியில் கூப்பிடாதே. குடியிருப்பு வாசலில் வாங்கிப் பார்க்கிறார்கள். எழுது.

அப்பா


மண்டலே
24 பிப்ரவரி 2021

அப்பாவுக்கு,

படத்தில் நிற்பது நான்தான். டோ கின் ஓன் அத்தையிடம் அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள்.

ஜுரம் ஜுரம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். போன சனிக்கிழமை எங்களிடம் வந்தது ஜுரம் இல்லை. ஆற்றங்கரையில் கூட்டத்தைச் சுட்டார்கள். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்று ஒரு மடாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். நாங்கள் அங்கேதான் வேலை பார்க்கிறோம். வேலையை விட்டுவிட்டேன் என்று யார் சொன்னது? ஒருவனுக்குத் தொடையில் குண்டு. அரை மயக்கத்தில், "லுங்கி புதுசு, கிழிக்காதீங்க, அம்மா திட்டும்" என்றான். கிழித்துவிட்டேன். அந்தக் குண்டு எந்த உடுப்பிலிருந்து வந்தது என்று உங்களைக் கேட்கலாம். கேட்கவில்லை.

தையல் போட்டு முடித்ததும் எங்கள் டாக்டர் என்னிடம், "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்றார்.

"வெங்காய வியாபாரம்."

"எங்க?"

"மெய்க்டிலா."

"அப்ப ரெண்டு மூட்டை அனுப்பச் சொல்லும்மா. இங்க எல்லாருக்கும் வெறும் பருப்புத் தண்ணியா ஊத்திக்கிட்டு இருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது. நம் பெயர்களில் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நீலார் வின் என்றால் நீலார் வின், அவ்வளவுதான். ஊ பெ டின் என்ற உங்கள் பெயரை வைத்துக்கொண்டு உங்களுக்கு யார் மகள் என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கும் அது நல்லது.

அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். கருவாட்டை ஒளித்து வையுங்கள்.

நீலார்


மெய்க்டிலா
11 மார்ச் 2021

நீலாருக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் வந்த இடத்தைப் படிக்கவில்லை.

நான் யாரிடமும் உன்னை மறைத்ததில்லை. நீ செவிலியர் பட்டம் வாங்கிய அன்று படைப்பிரிவு முழுவதற்கும் மொஹிங்கா வாங்கிக் கொடுத்தேன். மேஜர்கூட ஒரு கிண்ணம் சாப்பிட்டார். மகளுக்கு அப்பாவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று அப்போது தெரிந்திருந்தால் அந்தக் காசுக்கு நிஜமாகவே வெங்காயம் வாங்கியிருப்பேன்.

சுட்டவன் யார் என்று கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதுவதே கேட்பதுதான். நான் பேனா பிடித்தவன். எத்தனை லாரி, எத்தனை பீப்பாய் டீசல் என்று எழுதியவன். அந்த லாரிகள் எங்கே போயின என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் கேட்காதே.

உன் அப்பா யார் என்று அங்கே சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

பெ டின்


ஆற்றுக்கு மேற்கே
2 செப்டம்பர் 2021

அப்பாவுக்கு,

நீங்கள் விதித்த நிபந்தனையை நான் நிறைவேற்றவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மண்டலேயில் இருக்க முடியவில்லை. டாக்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மூன்று ஊர் மாறி இங்கே வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சுகள்தான் கட்டில். பிரசவம், பாம்புக்கடி, குண்டுக் காயம் எல்லாம் அதே பெஞ்சில். ராணுவம் வருகிறது என்று சொன்னால் பெரிய சட்டியில் ஊசிகளைப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு பனந்தோப்புக்குள் ஓடுவோம். போன மாதம் பக்கத்து ஊரை எரித்தார்கள். சாம்பல் எங்கள் கிணறுவரைக்கும் வந்தது.

இங்கே இளைஞர்களுக்குத் தலைவராக இருப்பவர் கோ ஸேயா. இதே பள்ளியில் கணக்கு வாத்தியார். துப்பாக்கி பிடிக்கும்போதும் சாக்பீஸ் பிடிப்பதுபோல்தான் பிடிக்கிறார். சொன்னால் கோபம் வரும்.

இதைக் கொண்டு வருபவர் கோ லூன். நிஜமாகவே வெங்காய லாரி ஓட்டுகிறார். நல்ல மனிதர், வெற்றிலை எச்சில் மட்டும் சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் கொடுத்தால் வாங்கி வருவார். திட்டியாவது எழுதுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி போதும்.

நீலார்


மெய்க்டிலா
14 டிசம்பர் 2021

மகளே,

கோ லூன் இரண்டு முறை வந்தும் வெறுங்கையோடு அனுப்பினேன். இந்த முறை எழுதாமல் இருக்க முடியாது. வேறு யார் வாயாலும் உனக்கு இது தெரியக்கூடாது.

போன வாரம் மேஜர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். டீ கொடுத்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

"சார்ஜெண்ட், பொண்ணு எங்க?"

"தெரியாதுங்க சார்."

"தெரியாதுன்னா அதையே பேப்பர்ல போட்டுடுங்க. எங்க பொண்ணு இல்லன்னு. எல்லாரும்தான் போடறாங்க. தினம் ஒரு பக்கம் வருது, பாக்கறீங்கல்ல?"

"பாக்கறேன் சார்."

"வீடு படைப்பிரிவோடது. உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குக் காட்டற அட்டையும் படைப்பிரிவோடது. நானா எடுக்க மாட்டேன். மேல இருந்து கேட்டா என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

போட்டுவிட்டேன். எல்லாரும் போடுகிற அதே வாசகம்தான். பெற்றோர் சொல்லைப் பலமுறை மீறி, தன் விருப்பப்படி வீட்டை விட்டு வெளியேறிய நீலார் வின், இன்று முதல் எங்கள் மகள் அல்ல, அவள் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல. பட்டம் வாங்கிய நாளில் எடுத்த உன் படத்தையும் கேட்டார்கள். கண்ணாடி அலமாரியிலிருந்து எடுக்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "மக இல்லன்னு போடறதுக்கு எதுக்குங்க அவ படம்?" என்றாள். விதி அப்படி என்றேன்.

என் பெயருக்கு முன்னால் 'ஓய்வு பெற்ற சார்ஜெண்ட், போக்குவரத்துப் பிரிவு, மெய்க்டிலா' என்று சேர்த்தேன். வெறும் ஊ பெ டின் என்றால் நாட்டில் நூறு பேர் இருப்பார்கள். மேஜர் பார்த்ததும் இவர்தான் என்று தெரிய வேண்டாமா? தவிர, பதவியில்லாமல் என் பெயரை நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடர்கிறது. நீ கேட்ட ஒரு வரி அதுதான்.

அந்தப் பேப்பர் உன் கண்ணில் பட்டால் படிக்காதே.

அப்பா


ஆற்றுக்கு மேற்கே
9 ஜனவரி 2022

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கோ ஸேயா என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார். உங்கள் பதிலையும் படிப்பார்.

உங்கள் கடிதத்துக்கு முன்பே பேப்பர் வந்துவிட்டது. சந்தையில் யாருக்கோ காய்ந்த இறால் கட்டிக் கொடுத்த காகிதம். அதைப் பிரித்தவள் போன மாதம் என்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண். படத்தில் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கோ ஸேயாதான் படித்துச் சொன்னார்.

"வெங்காய வியாபாரின்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"போக்குவரத்துப் பிரிவு. பக்கத்து ஊரை எரிக்க வந்த லாரி எந்தப் பிரிவு தெரியுமா?"

"அவரு ஓய்வு வாங்கிட்டாரு."

"அவரு வாங்கிட்டாரு. நீ?"

அப்பா, அந்தப் பதவியை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் இந்த விளம்பரம் எனக்கு நல்லதாகவே இருந்திருக்கும். இங்கே இன்னும் நான்கு பேரை அவர்கள் வீட்டில் இப்படித்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காகிதத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, பரிசு வாங்கியதுபோல் காட்டிக்கொள்கிறார்கள்.

என் துணிமூட்டையிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்துவிட்டார்கள். ராணுவக் குடியிருப்பிலிருந்து எனக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது என்பது இப்போது ஊருக்கே தெரியும். அந்தப் பெண் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரவில்லை. போன மாதம் தெற்கே ஒரு ஊரில், ராணுவத்துக்குக் காட்டிக் கொடுத்தார்கள் என்ற சந்தேகத்தில் கணவன் மனைவி இரண்டு பேரைச் சுட்டுவிட்டார்கள். உண்மையா பொய்யா என்று பிறகுதான் விசாரித்தார்கள்.

கோ ஸேயா என்னை நம்புவதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். மெய்க்டிலாவிலிருந்து மேற்கே வரும் லாரிகள் அடுத்து எந்த நாள் கிளம்புகின்றன என்று உங்களிடம் கேட்டு வாங்கித் தர வேண்டும். உங்களுக்குத் தெரியும் என்கிறார்.

கேட்டுவிட்டேன்.

நீலார்


மெய்க்டிலா
20 ஜனவரி 2022

மகளுக்கும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் கோ ஸேயாவுக்கும்,

லாரி கிளம்பும் நாள் எனக்குத் தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு வீடு சோறு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தெரியாது என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். எழுத மாட்டேன். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது லாரியை ஓட்டுகிறவன் யே லின். பக்கத்து வீட்டு டோ கின் ஓனின் ஒரே பையன். நீலாருக்குத் தெரியும். மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று ராணுவத்தில் சேர்ந்தான், விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது விலகுகிறேன் என்று அவன் எழுதிக் கொடுத்தால் சிறைக்குப் போவான். அவன் ஏற்றிப் போவது என்ன என்று எனக்குத் தெரியும். எரிந்த ஊர்களைப் பற்றி மகள் எழுதியதை நான் நம்புகிறேன். ஒரு வருஷம் முன்பு நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பையன் எந்த நாள் சாக வேண்டும் என்று என் கையால் எழுத முடியாது.

கோ ஸேயா, நீங்கள் கணக்கு வாத்தியார் என்று மகள் எழுதியிருந்தாள். இதையும் கணக்காகப் பாருங்கள். இவள் நான் அனுப்பி வைத்த உளவாளியாக இருந்தால், உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்? ஒரு நாளை எழுதி அனுப்பியிருப்பேன். நீங்கள் எல்லாரும் துப்பாக்கியோடு ரோட்டோரம் வந்து படுத்திருப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் மேஜர் ஆள் நிறுத்தியிருப்பார். உளவாளியின் அப்பனுக்கு அதைவிடச் சுலபமான வேலை உண்டா?

நான் நாள் எழுதவில்லை.

அவளைத் தள்ளி வைத்தது நான். அதற்கு மேல் அவளுக்கு என்ன தண்டனை கொடுப்பதாக இருந்தாலும், முதலில் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள்.

ஊ பெ டின்


ஆற்றுக்கு மேற்கே
15 பிப்ரவரி 2022

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோ ஸேயா மரத்தடியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். பிறகு ஒருவன், "கிழவர் சொல்றது சரிதானே வாத்தியாரே?" என்றான். கோ ஸேயா, "சரிதான். அதான் எரிச்சலா இருக்கு" என்றார். மறுநாள் காலையில் அந்தப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் தொடையை மட்டும் நீட்டினாள்.

நான் இங்கே இருக்கலாம். ஆனால் இனிமேல் கடிதம் கூடாது. கோ லூனும் இந்தப் பக்கம் லாரி ஓட்ட முடியாது என்கிறார். திரும்பும்போது உங்களிடம் இதைக் கொடுப்பார். அதன் பிறகு கடைசியாக ஒருமுறை இங்கே வந்து போவார்.

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். நேற்று லாரிகளை அடித்தார்கள். எங்கள் ஆட்கள் இல்லை, வடக்கே இருக்கும் வேறொரு கூட்டம். அவர்களுக்கு நாள் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது லாரி எரிந்தது. உயிரோடு பிடித்த ஒருவனை, செவிலியர் இங்கேதான் இருக்கிறாள் என்று என்னிடம் தூக்கி வந்தார்கள். முகம் பூராவும் கரி. துடைத்தபோது தெரிந்தது. யே லின்.

அவனும் என்னைத் தெரிந்துகொண்டான். "அக்கா, உங்களைத்தான் பேப்பர்ல பார்த்தேன்" என்றான். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. எங்களிடம் இருப்பது மரம் அறுக்கும் ரம்பம். கோ ஸேயா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பிழைத்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். பிழைத்த பிறகு விட மாட்டார்கள், ஆனால் கொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் அவரிடம் கேட்டு வாங்க முடிந்தது.

அவன் அம்மாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள். அப்புறம் உங்கள் வீடு, அம்மாவின் அட்டை எல்லாம் போய்விடும். உங்களுக்கு மட்டும் தெரியட்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலார்


மெய்க்டிலா
20 பிப்ரவரி 2022

மகளே,

கோ லூன் வாசலில் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது, அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கடிதம் வருவதற்கு முன்பே டோ கின் ஓனிடம் பையன் லாரியோடு எரிந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். உடல் இல்லை. ஒரு பித்தளை பட்டனைக் கொடுத்தார்கள். இன்று ஏழாம் நாள். இறந்தவனின் ஆவியை வீட்டைவிட்டுப் போகச் சொல்லி, பிக்குகளுக்குச் சோறு போடும் நாள். காலையில் அரிசி கழுவ அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உசிரோட இருக்கற பையனைப் போ போன்னு சொல்லி சோறு போடப் போறா. நீங்க அங்க போய் உட்கார்ந்து கும்பிடப் போறீங்களா?"

"உன் ஆஸ்பத்திரி அட்டை..."

"எனக்காகத்தானே பேப்பர்ல போட்டீங்க? இதையும் எனக்காகன்னு சொல்லிடாதீங்க."

நான் போனேன். டோ கின் ஓன் பின்கட்டில் தனியாகப் பானைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். "தங்கச்சி, ஆவியை அனுப்பற சடங்கு வேணாம். யே லின் உயிரோட இருக்கான்" என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அகப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"என் மக."

"எந்த மக? இல்லன்னு பேப்பர்ல போட்டீங்களே சார்ஜெண்ட் அண்ணே, நானே பார்த்தேனே."

"எனக்கு இருக்கறது ஒருத்திதான். அவதான் கட்டுப் போட்டிருக்கா. ஒரு கால் போயிடுச்சு. பிழைச்சுடுவானாம்."

பிக்குகளுக்குச் சோறு போட்டுவிட்டாள். சடங்கு மட்டும் நடக்கவில்லை. பையனுடைய ஆயுசுக்காக என்று கூட்டத்தில் வாய்விட்டே சொன்னாள். அவள்மேல் தப்பில்லை, அவளால் அடக்க முடியவில்லை. மேஜர் வீட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் மண்டலேயில் உன் சித்தி வீட்டுக்குப் போகிறோம். அங்கே அம்மாவுக்கு டயாலிசிஸ் எங்கே, எத்தனை நாள் கிடைக்கும் என்று தெரியாது. அவள் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே அடுப்படிக்குப் போய், பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக உருட்டுகிறாள்.

டோ கின் ஓன் இப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். நீ எழுதவில்லை, அதனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடிதம் கூடாது என்று உன் வாத்தியார் சொல்லியிருக்கிறார், தெரியும். இந்த ஒன்றுக்கு மட்டும் அவரிடம் அனுமதி கேள்.

எந்தக் கால்?

அப்பா